ஒன்பதாவது உருண்டை

கதவுக்கு அந்தப் பக்கம் முள்கரண்டிகள் தட்டில் உரசும் சத்தம். ஐம்பத்தைந்து வருஷமாக அது ஹில்லெவியின் காதைவிட்டுப் போகவில்லை.

அப்போது அவளுக்கு ஏழு வயது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோழி லோத்தாவின் அறையில், கட்டில் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருப்பாள். லோத்தா வீட்டார் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். சுவீடனில் அந்நாளில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். விளையாட வந்த பிள்ளைக்குச் சாப்பாடு அதன் வீட்டில்.

ஆனால், லோத்தாவின் அம்மா மாய்கென் ஒரே ஒரு நாள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஹில்லெவி ஏழு பான்கேக் தின்றாள்.

மறுநாள் பழையபடி கதவு சாத்தியாகிவிட்டது.

ஏழு தின்றதுதான் தப்பு என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிக்கொண்டது. அதன்பிறகு அவள் எந்த வீட்டிலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை.

இப்போது ஹில்லெவி பர்னிச்சர் கடை மாடியில் இருக்கும் கேன்டீனில் பரிமாறுகிறாள். சோபா பார்க்க வருகிறவர்களைவிட அங்கே சாப்பிட வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு தட்டுக்கு எட்டு இறைச்சி உருண்டை, மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, ஓரத்தில் சிவப்புப் பழ ஜாம். எட்டு என்பது கடை அளவு. ஹில்லெவியின் கை யாருக்கானாலும் ஒன்பதுக்குக் குறையாமல் போடும்.

ஒருத்திக்கு மட்டும் எட்டு. புதன்கிழமைதோறும் ஊன்றி நடக்கும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் மாய்கெனுக்கு.

"இன்னிக்கும் எண்ணித்தான் போட்டியா?" பக்கத்தில் ஜாம் வைக்கும் ஷிரீன் முணுமுணுத்தாள். "அந்தக் கிழவி உன் சொத்தையா எழுதி வாங்கினா?"

"கடை அளவு எட்டுதானே."

"ஓஹோ. நேத்து லாரி டிரைவருக்குப் பதினொண்ணு விழுந்துச்சே, அது எந்தக் கடை அளவு?"

ஹில்லெவி அடுத்த தட்டை எடுத்தாள்.

அன்று மாய்கென் தட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"கொஞ்சம் வந்து உட்காரேன். அடுத்த வாரம் என்னை முதியோர் இல்லத்துல சேக்கறாங்க. அப்புறம் பஸ் ஏறி வர முடியுமோ என்னவோ."

"வேலை இருக்கு."

"போ, நான் பாத்துக்கறேன்" என்று ஷிரீன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜன்னலோர மேசை. மாய்கென் ஓர் உருண்டையை முள்கரண்டியால் இரண்டாகப் பிளந்தாள். பீங்கான் உரசியது. அதே சத்தம்.

"நீ ஸ்தீனா பொண்ணுதானே?"

"தெரியுமா உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். அப்படியே அவ மூக்கு. எனக்கு மட்டும் எட்டுங்கறதும் தெரியும். பார்வைதான் மங்கல், எண்ண வரும்."

ஹில்லெவியின் முகம் சிவந்தது. வாய்வரை வந்ததை விழுங்க முடியவில்லை.

"ஏழு பான்கேக் தின்னேன், அத்தை. அதுக்காகவா கதவைச் சாத்தினீங்க? மூணோட நிறுத்துடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"ஏழா? நான் எண்ணவே இல்லையே."

மாய்கென் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மறுநாள் காலையில உங்கம்மா வந்தா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ராத்திரி வேலை முடிச்சிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்து வாசல்ல நின்னா. 'காலையில நான் வர்றதுக்குள்ள பொண்ணு பள்ளிக்கூடம் போயிடறா. பகல்ல நான் தூங்கறேன். சாயங்காலம் அஞ்சரைக்குச் சேந்து சாப்பிடற அரை மணிதான் எங்களுக்கு. நேத்து வயிறு நிறைஞ்சு வந்து தட்டைத் தள்ளிட்டா. இனிமே போடாதீங்க'ன்னா."

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'தெரிஞ்சா அம்மா பாவம்னு சாப்பிடுவா. அவ பசிச்சு வந்து சாப்பிடறதைத்தான் நான் பாக்கணும்'னா."

ஹில்லெவிக்கு அந்த ஐந்தரை மணிகள் நினைவுக்கு வந்தன. பனியில் வீட்டுக்கு ஓடிய ஓட்டம். பூட்ஸைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லாமல் மேசையில் உட்கார்ந்தது. தன் தட்டைத் தொடாமல், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லியபடியே அம்மா மறுபடியும் மறுபடியும் போட்டது.

ஹில்லெவி தின்றது அதிகமில்லை. ஒருபோதும் அதிகமாக இருந்ததில்லை.

இத்தனை வருஷம் நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, நீண்ட மூச்சாக வெளியே போயிற்று.

"அப்புறம் எனக்குத்தான் ஒரு வாய் இறங்கலை" என்றாள் மாய்கென். "லோத்தா அப்பா கேப்பார், 'எப்பப் பாரு கதவைப் பாத்துக்கிட்டே சாப்பிடறியே, அதுல என்ன படமா ஓடுது'ன்னு."

ஹில்லெவி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. எழுந்து போய், கரண்டியில் ஒரே ஓர் உருண்டையை ஏந்திக்கொண்டு வந்து தட்டில் வைத்தாள்.

மாய்கென் அதை உற்றுப் பார்த்தாள்.

"இதுக்கு ஜாம் எங்கே?"

அடுத்த புதன்கிழமையிலிருந்து ஹில்லெவிதான் அவளை இல்லத்திலிருந்து காரில் அழைத்துவந்தாள். மாய்கென் இன்னும் இரண்டு பனிக்காலம் இருந்தாள்.