நாலு இலையும் ஒரு கேக்கும்

“சர்க்கரை வியாதிக்காரருக்குத் தினம் தினம் கேக் கொண்டுவந்து ஊட்டினியே, இப்போ சந்தோஷமா?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரரின் மகன் போட்ட சத்தத்தில், ஊசிக்குப் பயந்து வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அவன் மனைவி வாய் திறக்கவில்லை. பேக்கரியில் வேலையாக இருந்தவள், சேதி கேட்டு மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்திருந்தாள்.

பேக்கரிக்கு எதிர்ச்சாரியில்தான் மாமனாரின் தையல் கடை. வழக்கம்போல நாலு மணிக்கு அவள் கேக்கைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து சாப்பிட வைத்துவிட்டுப் போனாள். மனுஷர் அப்புறம் ஒரு சட்டைக்குக் காலர் தைக்க உட்கார்ந்தார். ஐந்து மணிக்குள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பேச்சில்லை.

“வேண்டாம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ‘பாவம், ஆசைப்படுறார்’னு தர்மம் பண்ண வந்துட்டா!”

“மெதுவாப் பேசுங்க தம்பி. உள்ள படுத்திருக்கிறவங்களுக்கும் காது இருக்கு,” என்றபடி டாக்டரம்மா வெளியே வந்தார். “அப்பா கண்ணு முழிச்சுட்டார். பயமில்ல.”

“சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கு டாக்டர்?”

“எங்க ஏறிச்சு? அதல பாதாளத்துக்கு இறங்கியிருக்கு! இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து.”

மகன், மனைவியின் பக்கம் திரும்பத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்து நின்றான்.

“ஏன் இறங்கிச்சுன்னு தெரியாம அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நான் தனியாப் பேசிட்டு வர்றேன்.”

உள்ளே தையல்காரர், தன் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“ஐயா, மாத்திரை எத்தனை போட்டீங்க?”

“நீங்க எழுதிக் குடுத்ததுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“வேற ஏதாவது? பொடி, கசாயம், இலை, வேர்?”

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “கதவைச் சாத்துங்க, சொல்றேன்.”

டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

“கடைக்குப் பின்னால வேலியில சிறுகுறிஞ்சான் கொடி தானாப் படர்ந்து கிடக்கு. சாயங்காலம் நாலு இலை பறிச்சு மென்னுடுவேன். சர்க்கரைக்கு நல்லதுன்னு பட்டன் கடைக்காரர் சொன்னார்.”

“நல்ல மூலிகைதான், யாரு இல்லேன்னா? சர்க்கரையைக் குறைக்கிற குணம் அதுக்கு உண்டு. ஆனா மாத்திரையும் அதே வேலையைத்தானே பார்க்குது? ஒரே துணியை நீங்க ஒரு பக்கம், உங்க ஆள் ஒரு பக்கம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம வெட்டினா சட்டை என்ன ஆகும்?”

“கைக்குட்டை ஆகும்.”

“இன்னைக்கு நீங்க கைக்குட்டை ஆகியிருப்பீங்க!”

பெரியவர் சிரித்தார். சிரித்த கண் மெல்லக் கலங்கியது.

“இலையை மென்னா நாக்குல இனிப்பே தெரியாதே, ஐயா?”

“தெரியாதுதான். என்ன பண்றது டாக்டரம்மா? இந்த வியாதி வந்ததுலேர்ந்து வீட்ல எல்லாரும் இனிப்பை என் கண்ணுல காட்டாம ஒளிச்சாங்க. என் மருமக ஒருத்திதான் பக்கத்துல உட்கார்ந்து, ‘சாப்பிடுங்க மாமா’ன்னா. பெத்த பொண்ணு மாதிரி. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. சாப்பிடவும் பயம். அதான் இலையை மென்னுட்டுச் சாப்பிட்டேன். வாயில வச்சா மரத்தூள்தான்! ‘தேனாட்டம் இருக்கும்மா’ன்னு சொல்லி முழுங்கிடுவேன். அப்போ அவ முகத்தை நீங்க பார்க்கணும்...”

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். “அதுதான் எனக்குப் புரியல. அவ்வளவு இனிப்பைச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல எப்படி இப்படி இறங்கும்?”

“அந்த இனிப்பும் உள்ள போகலேன்னா நான் இந்நேரம் போயே சேர்ந்திருப்பேன். அவளைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா இலை விஷயம் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ கேக்கை நான் ஒரு நாள்கூட ருசிச்சதில்லேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.”

“சொல்ல மாட்டேன். ஆனா இனிமே என்னைக் கேட்காம ஒரு தழை வாயில போகக் கூடாது.”

“சத்தியம்.”

டாக்டரம்மா வெளியே வந்தபோது, மகன் மனைவியிடம் ஒரு டீயை நீட்டிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டீயை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் பின்னாலேயே வராந்தாக் கோடியிலிருந்த அவர் அறைக்குள் வந்தாள்.

“டாக்டர், மாத்திரை அளவை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடணும். மாமா காதுல விழுந்துடுமோன்னுதான் என் வீட்டுக்காரர் அவ்வளவு திட்டியும் நான் வாயைத் திறக்கல.”

“சொல்லும்மா.”

“மாமாவுக்குன்னு தனி அச்சுல நான் செய்யற கேக்ல ஒரு நாள்கூடச் சர்க்கரை போட்டதில்ல. வெறும் தவிடும் முட்டையும்தான். நானே ஒரு வாய் வச்சுட்டுத் துப்பியிருக்கேன்.” மாவு ஒட்டிய கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதைப்போய், என் மனசு நோகக் கூடாதுன்னு தினமும் ‘தேனாட்டம் இருக்கும்மா’ன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிடுறாரே... இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் டாக்டர்?”