ரப்பர் வயிறு

ஸ்கேன் பழகும் அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். திரையின் வெளிச்சம் மட்டும் புது டாக்டரின் முகத்தில் விழுகிறது. மேசைமேல், தலையும் கையும் இல்லாத ஒரு ரப்பர் வயிறு. நாளைக்கு நிஜத் தாய்மார்கள் வந்துவிடுவார்கள். இவளுக்கோ, அந்த வயிற்றுக்குள் இருப்பதாகத் திரை காட்டும் கம்ப்யூட்டர் குழந்தையின் தலை காலையிலிருந்து கண்ணாமூச்சி காட்டுகிறது. "அழுத்தாதடி, மாவா பிசையற?" என்று, பின்னால் கூடி நிற்கும் டாக்டர்களில் ஒரு தோழி சிரிக்கிறாள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கருவியை ஒரு நூல் சாய்க்கிறாள். சாம்பல் மூட்டத்துக்குள் வெள்ளை வளையமாகத் தலை. சற்று நகர்த்தினால், படபடவென்று இதயம். அறையே கைதட்டுகிறது. இவள் காதில் எதுவும் விழவில்லை. ரப்பரில் வழியும் ஜெல்லைப் பதமாகத் துடைத்து, துணியை இழுத்து மூடுகிறாள். "குழந்தை நல்லா இருக்கும்மா. மெதுவா எந்திரிங்க" என்று கையை நீட்டியபடி காத்திருக்கிறாள்.