அசையாத போன்

“இவனுக்கெல்லாம் கம்பெனி போன் ஒரு கேடு!” என்று முதலாளியின் மேஜையில் ரிப்போர்ட்டை வீசினார் மேனேஜர்.

கம்பெனி போன்களைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரே, வியர்வை காயாத சட்டையோடு சேல்ஸ்மேன் நின்றான்.

“இவன் பேர்ல இருக்கற போனைப் பாருங்க சார். வேலை நேரத்துல அறுபது மணி நேரம் சீட்டாட்டம்! மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் போன் அசையவே இல்ல. தூங்குமூஞ்சி! தெண்டச் சம்பளம்! இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க.”

“என்னப்பா இது?” என்றார் முதலாளி.

சேல்ஸ்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் காட்டினான். “போன் குடுத்த அன்னிக்கே, ‘தெருத்தெருவா சுத்தறவனுக்கு எதுக்குடா புதுசு?’ன்னு மேனேஜர் சார் அதை வாங்கிக்கிட்டார் சார். எங்கிட்ட இருக்கறது அவர் பேர்ல இருக்கற பழைய போன்.”

முதலாளி ரிப்போர்ட்டில் விரலை ஓட்டி, மேனேஜர் பெயருக்கு நேரே நிறுத்தினார். அலைந்த தூரம், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.

“பழசு நல்லா உழைச்சிருக்கு,” என்றார். “புதுசை மேஜையில வெச்சுட்டு நீங்க கிளம்புங்க. இன்னிக்கே.”