பவகான்

அவள் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் வைத்தாள்.

பெண். நல்ல அழுகை.

தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இது மூன்றாவது. மூன்றும் பெண்.

எரெவான் நகரத்து மகப்பேறு மருத்துவமனை. ஜன்னலுக்கு வெளியே பனி. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க வந்த அவளுக்கு இது கடைசி ஆண்டு. ஆர்மீனிய மொழி ஓரளவு வரும்.

"என்ன பேர் வைக்கப்போறீங்க?"

"பவகான்."

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். தட்டில் மேலும் மேலும் வைப்பவர்களிடம் கையால் மறித்துச் சொல்வது. போதும்.

"எங்க பக்கத்துப் பழைய வழக்கம், தங்கச்சி. இந்தப் பேர் வெச்சா அடுத்தது பையனாம். மாமியார் சொல்லிட்டாங்க. வெறும் பேர்தானே? இவளுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் தன் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பழக்கதோஷம்.

ஆறு ஆண்டுகளாக இந்த ஊரில் அவள் பெயருக்கு நிலா என்று பொருள். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். யார் வந்து சரிபார்க்கப்போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்பு இங்கே கிடையாது. இவ்வளவு தூரம் ஓடிவந்ததில் பாதி அதற்காகத்தான்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

பாவமாக இருந்தது.

அட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"போதும்பொண்ணு," என்று முழுப்பெயரையும் வாசித்தாள். வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு அதன் பொருளைச் சொன்னாள். வீட்டில் தான் நான்காவது பெண் என்பதையும், இந்த ஊரில் அந்தப் பொருளை யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் சொன்னாள்.

தாய் சுவரிலிருந்து திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கப்புறம் தம்பி பொறந்தானா?"

"தங்கச்சி பொறந்தா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவளுக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

"இங்க எல்லார்கிட்டயும் என்ன அர்த்தம்னு சொல்லிவெச்சிருக்கே?"

"நிலான்னு."

நடையில் மாமியாரின் குரல் கேட்டது. குழந்தையின் காலில் கட்டவேண்டிய பட்டை வெறுமையாகக் கிடந்தது.

"பேனா குடு," என்றாள் தாய். "சீக்கிரம்."

எழுதினாள். லூசினே.

ஆர்மீனிய மொழியில் லூசின் என்றால் நிலா. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆறு ஆண்டுகளாக அவள் சொல்லிவந்த பொய் அது.

பட்டையைக் குழந்தையின் காலில் போதும்பொண்ணே கட்டினாள்.