ஸ்டிக்கர் இல்லாத பப்பாளி

"உம்மா, இண்டைக்குக் கீவி!"

அடுத்த ஃப்ளாட் ஷிஹாரா அனுப்பிய தட்டின் துணியை விலக்கிவிட்டு ஆறு வயது அம்னா கத்தினாள்.

நோன்பு மாதம் வந்தால் வெள்ளவத்தையின் அந்த மாடிக் கட்டடத்தில் மாலையானதும் வீட்டுக்கு வீடு தட்டுகள் போய்வரும். ஷிஹாராவின் தட்டில் முந்தாநாள் எகிப்து ஒரேஞ்ச். நேற்று அமெரிக்கா அப்பிள். இன்றைக்கு நியூசிலாந்து.

அம்னா கீவியின் ஸ்டிக்கரை உரித்து ஃப்ரிஜ் கதவில் ஒட்டினாள். அங்கே ஏற்கெனவே பதினேழு இருந்தன.

"உம்மா, வாப்பாட பப்பாளியில ஏன் ஸ்டிக்கர் இல்ல?"

நிப்லாவுக்கு வயிறு எரிந்தது. அது நோன்புப் பசியால் வந்த எரிச்சல் இல்லை.

அவள் கணவன் முர்ஷித், சந்தை ஒழுங்கையில் பழக்கடை வைத்திருப்பவன். பப்பாளி, அன்னாசி, கதலி. எதிரே சுப்பர்மார்க்கட் வந்த நாளிலிருந்து கடையில் ஈ ஓட்டாத குறைதான். குளிர்ப்பெட்டிக்குள் மினுங்கும் அப்பிளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பப்பாளி எங்கே கண்ணில் படப்போகிறது? 'இந்த நோன்போட கடைய மூடிருவன்' என்று போன மாதமே சொல்லிவிட்டான்.

அவன் வீட்டுக்கு வந்ததும் நிப்லா தொடங்கினாள்.

"ஷிஹாரா வேணுமெண்டுதான் செய்றா. நம்மட கடையில ஒரு பழம் வாங்கினாவா? அவட மாப்பிள்ள கட்டார்ல உழைக்கிறார் எண்டு காட்டத்தானே இதெல்லாம்?"

"தட்டு அனுப்புறது நல்ல விஷயந்தானே. விடு நிப்லா."

"அவட தட்டுல கீவி. நான் திருப்பி அனுப்புற தட்டுல வெறும் பப்பாளி. எனக்கு வெக்கமா ஈக்குது."

"பப்பாளிக்கு என்ன குறை? த்ரீவீல் ஓட்டுற ஹுசைன் நானா தலைநோன்புல இருந்து ஒவ்வொரு நாளும் வந்து பப்பாளியும் அன்னாசியும் அள்ளிட்டுப் போறார். யாருக்கோ வாங்கிக் குடுக்கிறாராம். அவர் வராட்டி இந்நேரம் கடை இல்ல."

நிப்லாவின் காதில் அது ஏறவில்லை. நோன்பு நேரத்தில் பொறாமை கூடாது என்று அவளுக்கும் தெரியும். பகல் முழுக்கத் தாகத்தைப் பொறுக்கிறவளால் அந்த ஒரு கீவியைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள், முர்ஷித் பகல் லுஹர் தொழப் போகும் நேரம் பார்த்து அவள் சுப்பர்மார்க்கட்டுக்குள் நுழைந்தாள்.

மூலையில் ப்ளாஸ்டிக் சுற்றிய நாலு பப்பாளிகள் ஒருவரும் தொடாமல் கிடந்தன. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் செரிப் பழங்களின் பக்கம் போனது. விலையைப் பார்த்து ஒருதரம் திரும்பினாள். ஃப்ரிஜ் கதவு நினைவுக்கு வந்தது. அம்னாவின் பெருநாள் சப்பாத்துக்கு வைத்திருந்த காசில் இரண்டு பெட்டி எடுத்தாள்.

"பேக் எகக் ஓனத?" என்று கவுண்டர் பெண் சிங்களத்தில் கேட்டாள்.

பை வேண்டாம் என்று தலையாட்டினாள் நிப்லா. அந்தப் பையோடு வெளியே போனால், தொழுதுவிட்டு வரும் முர்ஷித் கண்டுவிடுவான். செரிப் பெட்டிகளைக் கைப்பைக்குள் அமுக்கிக்கொண்டு பின்பக்க ஒழுங்கையால் வீடு வந்து சேர்ந்தாள்.

மாலையில் இரண்டு தட்டுகள் தயாராகின. ஒன்று ஷிஹாராவுக்கு. மற்றது மேல் மாடி லுத்பியா ராத்தாவுக்கு. வழக்கமாக நிப்லாவின் தட்டு மேல் மாடிக்குப் போவதில்லை. ஆனால் லுத்பியா ராத்தா பார்த்தால் கட்டடமே பார்த்த மாதிரி. அதனால் முதலில் அங்கேயே போனாள்.

"வா நிப்லா, வா. என்ன அதிசயம்!"

"சும்மா வந்தன் ராத்தா. நேத்து ஒங்களுக்கும் கீவிதான் வந்திச்சா? ஷிஹாரா பகட்டுக் காட்டுறதப் பாத்தீங்களா?"

லுத்பியா முழித்தார்.

"கீவியா? எங்களுக்குத் தலைநோன்புல இருந்து பப்பாளியும் அன்னாசியுந்தானே அவ அனுப்புறா. எல்லா ஃப்ளாட்டுக்கும் அதான். பள்ளிவாசலுக்கும் அதான் போகுது. எல்லாம் ஒங்கட கடைப் பழந்தானே?"

"எங்கட கடையா? அவ ஒரு நாளும் வரல்லயே!"

"அவ எப்படி வருவா? பக்கத்து வீடு எண்டு ஒன்ட மாப்பிள்ள சல்லிக்காசு எடுக்க மாட்டாரே. அதுக்குத்தான் ஹுசைன் நானாவ அனுப்புறா. ஒனக்குத் தெரியாதா?"

நிப்லா தட்டின் துணியை இழுத்து மூடினாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் ராத்தா கீவி, அப்பிள் எல்லாம்?"

"அத நானும் கேட்டன். 'பழக்கடைக்காரர்ட வீட்டுக்கு அவர்ட பழத்தையே எப்படி ராத்தா அனுப்புறது? அந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் சுப்பர்மார்க்கட் படியே ஏறுறன்' எண்டு சொன்னா."

லுத்பியா சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சரி, கொண்டா. பாங்கு சொல்லப் போறாங்க. தட்டுல என்ன, ஒங்கட கடை அன்னாசிதானே?"

தட்டை மூடியிருந்த துணியின் மேலிருந்து நிப்லா கையை எடுக்கவில்லை.