மூன்றாம் மாடிக் குரல்

காகத்துக்கு வைத்த சோற்றைப் புறா தின்றுகொண்டிருந்தது. பாரிஸில் அதுவே போதும் என்று அவள் எப்போதோ சமாதானமாகிவிட்டாள்.

உள்ளே மகள் சாருகா படத்தைப் போட்டாள். கணவனின் திவசத்தன்று படையல் முடிந்ததும் அந்தப் படம் ஓடவேண்டும். பதினேழு வருட வழக்கம்.

ஒரே வாரம் ஓடிய பிரெஞ்சுப் படம். ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அது நிறையக் கிறுக்கர்கள். ஒருத்தி குளியல் தொட்டியில் வாத்து வளர்ப்பாள். ஒருவன் லிஃப்டுக்குள் நின்றுதான் ட்ரம்பெட் ஊதுவான். அதனால் மூன்றாம் மாடித் தமிழன் படம் முழுக்க ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு படியேறுவான்.

அந்தத் தமிழன்தான் அவள் கணவன் யோகநாதன். உணவகத்தில் கோப்பை கழுவியவனை மீசைக்காகக் கூட்டிப்போனார்கள்.

கடைசியில் அவனுக்குப் பிரெஞ்சில் ஒரு வசனம்.

"மன்னிக்கவும் மேடம், இது எத்தனையாவது மாடி?"

சாருகா சிரித்தாள். திரும்பவும் அதையே போட்டாள். அப்பா போகும்போது அவளுக்கு ஏழு மாதம். அப்பாவின் குரல் என்று அவளிடம் இருப்பது இவ்வளவுதான்.

அது அப்பாவின் குரல் இல்லை.

ஒரு மாதம் அவன் அழுக்குக் கோப்பைகளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிப் பழகினான். படத்தில் வாய் மட்டும்தான் அவனுடையது. யாரோ ஒரு பிரெஞ்சு நடிகனின் குரலை அதன்மேல் ஒட்டிவிட்டார்கள்.

தியேட்டரில் அவள் பக்கம் குனிந்து, "என்ர பிரெஞ்சு அவங்களுக்கு விளங்கேல்லையாம்," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

மகளிடம் அதைச் சொல்ல அவளுக்கு ஒருநாளும் மனம் வரவில்லை.

இன்று சாருகா படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, அப்பா வீட்டிலயும் இப்பிடித்தான் கதைக்கிறவரோ?"

பதினெட்டு வயதாகிவிட்டது. இனிச் சொல்லிவிடலாம். அவருடைய குரல் வேறு மாதிரி என்று தொடங்கவேண்டும். எப்படி என்று பிள்ளை கேட்பாள்.

அவள் கண்ணை மூடினாள்.

வேலையால் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி அவன் அவளைக் கூப்பிடுவது. "இஞ்சாரும்." தினமும் கேட்ட சொல்.

கேட்டது.

பிரெஞ்சு நடிகனின் குரலில்.

இன்னொரு முறை முயன்றாள். மீசை வந்தது. சப்பாத்து வந்தது. மறுபடியும் அந்த வேற்று மனிதன்தான் "இஞ்சாரும்" என்றான்.

புறா பறந்துவிட்டது. சாருகா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "இதே குரல்தான்."