படத்துக்குள் ஒரு படகு

புருஷன் லிங்கராஜ் நிற்கும் பாறை கறுப்பாக மின்னுகிறது. பிரேமா உட்கார்ந்திருக்கும் பாறையோ காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. விழிஞத்துக் கடலோரத்தின் சாயங்கால வெயிலில் அந்த வித்தியாசம் இப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது. அலை எதுவரை ஏறி வருகிறது என்பதை ஈரமே சொல்லிவிடுகிறது. சாலைக் கம்போளச் சந்தையில் அவன் பெயின்ட் கடைக்கு லீவு, கையில் புதுத் தூண்டில். முதல் தடவையாக மீன் பிடிக்க வந்த மனுஷனுக்கு ஈரமாவது ஒன்றாவது. "அங்க வழுக்கும், மேல கேறி வாங்க" என்று அவள் கூப்பிட்டதற்கு, "இங்க நின்னாத்தான் தூரமாப் போய் விழும்" என்று நுனிக்கே இறங்கிவிட்டான். இப்போது மீன் கிடைத்துவிட்டது. உள்ளங்கை நீளத்தில், தூண்டில் நரம்பில் தொங்கித் துள்ளுகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிறான். "போட்டோ எடு!" அவன் ரப்பர் செருப்பு பாசியில் லேசாக நகர்கிறது. அவள் செல்போனை உயர்த்துகிறாள். திரையில் அவன் சிரிப்பு, மீனின் வெள்ளி, தோளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு சிவப்புப் படகு. அடுத்த கணம் படகைக் காணோம். அது இருந்த இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து நிற்கிறது. பிரேமாவின் வாய் திறக்கிறது. தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. கையை மட்டும் வா வா என்று வீசுகிறாள். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மீனை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டுகிறான். "எதுக்குப் பயப்படுதே? கடிக்காதுல்லா!"